முடியைப் பார்த்து

துண்டை உதறிய உத்திராபதி போட்ட சத்தத்தில், கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த செல்லம் விளக்குமாறும் கையுமாக ஓடி வந்தாள்.

"எங்கடா? நல்லதா, சாரையா?"

"பாம்பு இல்லம்மா. முடி! பாரு, ஒரு கைப்பிடி!"

"அடச்சீ! உசிரக் கையில புடிச்சிக்கிட்டு ஓடியாறேன். முடின்னா கொட்டத்தான் செய்யும்" என்று மகனின் முதுகில் ஒன்று வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். தலை அவனுடையதல்லவா? காரைக்காலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உத்திராபதி வாத்தியார். வயது இருபத்தாறு. ஐப்பசி பிறந்ததிலிருந்து முடி தலையணையில் கிடந்தது, தயிர்சாதத்தில் கிடந்தது, கீபோர்டு சந்துகளிலெல்லாம் கிடந்தது. பக்கத்து மேஜை கமர் நிஷா டீச்சர், "சார், வீட்ல பூனை வளக்குறீங்களா?" என்று அக்கறையாகவே கேட்டுவிட்டார்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பான். தரகர் தர்மலிங்கம் சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை.

"வர்ற வெள்ளிக்கிழம பொண்ணு பாக்கப் போறோம் தம்பி. ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். முன்ன போன ரெண்டு மாப்பிள்ளையையும் அந்தப் பொண்ணு முடியப் பாத்துட்டுத்தான் வேண்டாம்னுடுச்சு."

பெண் எழில்மதி. திருமலைராயன்பட்டினத்தில் அத்தை அன்னபூரணியோடு மெஸ் நடத்துகிறாள். ஒருதரம் அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போனபோது அங்கே சாப்பிட்டிருக்கிறான். தலையில் வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்று அவள் கேட்டாள். ஊற்றிய ரசம் இலையைத் தாண்டி மடியில் இறங்கியதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. அவள் போய் இப்படி முடி பார்க்கிறவளாக இருந்து தொலைக்க வேண்டுமா?

போதாக்குறைக்கு அப்பா கருப்பையன். அவர் தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது. அப்பனைப் பார்த்தால் மகனின் நாளைய கதி தெரிந்துவிடுமே! அதனால், "அப்பாவுக்கு முட்டி வலி, பொண்ணு பாக்க வரமாட்டாரு" என்று தரகரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தான். முட்டியில் எந்தக் கோளாறும் இல்லாத கருப்பையனுக்கு இது தெரியாது.

தோல் டாக்டரம்மா அவன் தலையை விளக்கைப் போட்டுப் பார்த்தார். "கொஞ்ச மாசம் முன்னாடி காய்ச்சல் எதுவும் வந்துச்சா?"

"சிக்குன்குனியாங்க. ஊரே கூனிக்கிட்டு நடந்துச்சே."

"அதான். பெரிய காய்ச்சல் வந்துபோனா ரெண்டு மூணு மாசம் கழிச்சு இப்புடிக் கொட்டும். தானா நின்னு, தானா மொளைக்கும். முட்டை, கீரை, மீனு நல்லா சாப்புடுங்க. கண்டதத் தடவாதீங்க."

"எங்கப்பாவுக்கு முழு வழுக்கைங்க."

"அது வேற. அது நெத்தியிலயும் உச்சியிலயும் மெதுவா ஏறும். உங்களுக்குத் தலை முழுக்கப் பரவலா கொட்டுது. வேர் நல்லாத்தான் இருக்கு. நாலஞ்சு மாசத்துல பழையபடி ஆயிடும், பயப்படாதீங்க."

"வெள்ளிக்கெழமைக்குள்ள ஆவாதுங்களா?"

டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட மணியடித்தார்.

தடவாதே என்றால் கேட்கிற வயசா அது? யாரோ சொன்னார்களென்று சின்ன வெங்காயத்தை அரைத்துப் பூசினான். வேறொருவன் அதில் பிராந்தி கலந்தால்தான் வேர் வரைக்கும் இறங்கும் என்றான். காரைக்காலில் பிராந்திக்கா பஞ்சம்? கலந்து தேய்த்துக்கொண்டு வகுப்பெடுக்கப் போனான். முன்வரிசைப் பெண்கள் பின்வரிசைக்குப் போனார்கள். வழியில் பார்த்த தரகர் மோப்பம் பிடித்துவிட்டு, "தம்பி, காலங்காத்தாலேயேவா?" என்று அதிர்ந்து நின்றார். அவரைச் சமாதானம் செய்வதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. மறுநாள் தலையெல்லாம் வெந்து கொப்புளம் போட்டு, சீப்பு வைத்த இடமெல்லாம் முடி திட்டுத்திட்டாகப் பெயர்ந்து வந்தது.

கண்ணாடியைப் பார்த்தான். ஆடு மேய்ந்த நாற்றங்கால் மாதிரி இருந்தது. ஐயோ என்று தலையில் கை வைத்தான். வைத்த கையிலும் முடி வந்தது.

அப்போதுதான் அந்தப் பிரமாதமான யோசனை உதித்தது. மொட்டை! சாமிக்கு அடித்த மொட்டையை எவள் குறை சொல்ல முடியும்? அதன் கீழே வழுக்கை இருக்கிறதா, வயல் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? புதன்கிழமை காலையில் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் அம்பகரத்தூருக்கு பஸ் ஏறினான். காளியம்மனுக்கு வேண்டுதல் என்று உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். கண்ணைத் திறந்தபோது மீசையும் இல்லை.

"அண்ணே! மீசை?"

"முழுசா எடுங்கன்னீங்களே தம்பி" என்றார் நாவிதர், கத்தியைத் துடைத்துக்கொண்டே.

மழமழவென்றிருந்த மண்டையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு பஸ்ஸில் வந்தான். தன் ஊரான வரிச்சிக்குடியில் இறங்கினதும் பிடித்தது ஐப்பசி மழை. சந்தனம் மொத்தமும் கரைந்து ஓடிவிட்டது. தலை மழித்து, மீசை மழித்து, நனைந்த வேட்டியும் மேல்துண்டுமாக ஒருவன் வந்து நின்றால் நம் பக்கத்தில் என்ன நினைப்பார்கள்? அது அந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. டீக்கடைக்காரர் உத்தண்டிக்குச் சட்டென்று உறைத்துவிட்டது. பாய்லரை விட்டு இறங்கி வந்தார்.

"தம்பி... எப்ப?"

"காலையிலதாண்ணே."

"ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?"

"அதெல்லாம் இல்ல. தண்ணியத் தெளிச்சாரு, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

"அம்மா எப்புடித் தாங்குறாங்க?"

"அம்மாவுக்கு இன்னும் தெரியாதுண்ணே. இனிமேதான் போய்ச் சொல்லணும்."

உத்தண்டி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கடையைச் சாத்தினார். மழைக்குத்தான் சாத்துகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் உத்திராபதி.

மீசையில்லாத முகத்தோடு அம்மா முன்னால் போய் நிற்கத் தைரியம் வரவில்லை. வாய்க்கால் மதகில் கொஞ்சநேரம் குந்தியிருந்துவிட்டுத் தெருவுக்குள் நுழைந்தால், சங்குச் சத்தம். ஐயையோ, யார் வீட்டிலே? விசாரித்துக்கொண்டே நடந்தான். சத்தம் அவன் வீட்டு வாசலிலேயே கேட்டது. மாலையோடு ஆட்கள். உள்ளே பெண்கள் கூட்டமாக அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி. எதிர்ப்பக்கமாக, வயலிலிருந்து மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கருப்பையன் வந்துகொண்டிருந்தார்.

"யாருப்பா போயிட்டாங்க?" என்று சங்கு ஊதுகிறவரைக் கேட்டார்.

"நம்ம கருப்பையன்ங்க. பாவம், நல்ல மனு..." என்று நிமிர்ந்து பார்த்தவர் கையிலிருந்து சங்கு நழுவி விழுந்தது.

அதற்கப்புறம் அந்தத் தெருவில் நடந்ததைச் சொல்ல ஒரு வாய் போதாது. ஒருவர் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். ஒரு கிழவர், வந்தது வந்தோம் என்று அதைக் கருப்பையன் கழுத்தில் போட்டே விட்டார். செல்லம் புருஷனைப் பார்த்தாள், மகன் மண்டையைப் பார்த்தாள், அழுத கண்ணோடு விளக்குமாற்றைத் தேடினாள்.

அந்த நேரம் பார்த்து உத்திராபதியின் செல் அடித்தது. தரகர்.

"தம்பி, அப்பா விஷயம் கேள்விப்பட்டு ஆடிப் போயிட்டேன். பொண்ணு வூட்லயும் சொல்லிட்டேன். தீட்டு வூட்ல ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் பேச முடியாதுல்ல? அதான் நாளைக்கி நாகூர்லேருந்து வேற பையன் வர்றானாம்."

"யோவ்! எங்கப்பா இந்தா நிக்கிறாருய்யா!"

"துக்கத்துல அப்புடித்தான் தம்பி தோணும்" என்று வைத்துவிட்டார்.

இனி வாயால் சொல்லிப் பிரயோஜனமில்லை. அப்பாவை நேரில் கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும். எந்தத் தலையை மறைக்க இத்தனை பாடு பட்டானோ, அந்தத் தலையைத் தானே தூக்கிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் வைக்கப் போகிறான். நினைக்கவே அழுகை வந்தது.

"அப்பா, குளுருதுல்ல? ஒரு தலப்பா கட்டிக்கயேன்."

"உசுரோட இருக்கேன்னு காட்டத்தான போறோம்? மூடிக்கிட்டுப் போனா எவன்டா நம்புவான்?"

பொழுது சாயும் நேரத்துக்குத் திருமலைராயன்பட்டினத்தில் அன்னபூரணி வீட்டுக்குள் அப்பனும் மகனும் நுழைந்தார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டு மண்டைகளும் பளபளத்தன. அன்னபூரணி பயந்துபோய் முதலில் கருப்பையனின் காலைப் பார்த்தாள். தரையில்தான் இருந்தது. அப்புறம்தான் உட்காரச் சொன்னாள். நடந்ததைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு ஒரு தலையைப் பார்த்தாள், இன்னொரு தலையைப் பார்த்தாள்.

"ஏங்கண்ணே, உங்களுக்கு எந்த வயசுலேருந்து இப்புடி?"

"இருவத்தெட்டுலேயே சுத்தமா போயிடுச்சு தங்கச்சி. எங்கப்பாருக்கும் அப்புடித்தான்" என்றார் கருப்பையன், பரம்பரைச் சொத்தைச் சொல்கிறமாதிரி.

உத்திராபதி அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தான். அந்தச் சமயத்தில் எழில்மதி காப்பி கொண்டு வந்தாள். தலையில் அதே வெள்ளைத் துணி. அவன் மொட்டையைப் பார்த்தாள், அப்பாவின் வழுக்கையைப் பார்த்தாள், அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. கேலி பண்ணுகிறாள்! போச்சு, எல்லாம் போச்சு. இப்போது பேசாவிட்டால் எப்போது பேசுவது?

"அவரப் பாத்து என்னைய முடிவு பண்ணாதீங்க!" என்று எழுந்தே நின்றுவிட்டான். "எனக்குக் கொட்டுனது காய்ச்சலால. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. வேரெல்லாம் நல்லாருக்காம். நாலஞ்சு மாசத்துல பாருங்க, சீப்பு நுழையாது, அம்புட்டு அடர்த்தியா மொளைக்கும்! வேணும்னா அந்த டாக்டரம்மாவையே கூட்டியாந்து சொல்லச் சொல்றேன்!"

எழில்மதியின் முகத்தில் இருந்த சிரிப்பு அணைந்தது. நீட்டிய காப்பி டம்ளரை அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்னபூரணி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"கெடுத்தீங்களே தம்பி! சாம்பாருல முடி கெடந்துச்சுன்னு மெஸ்ஸுல ஒருத்தன் எலையத் தூக்கி எறிஞ்சதுலேருந்து, காடா முடி வச்சிருக்கவன் எவனும் வேண்டாம், கட்டுனா வழுக்கையனத்தான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா அவ!"