பெட்டிக்குள் வந்த கயிறு

ஜெயபுரம்,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் சுகிர்தனுக்கு அப்பா கதிர்காமநாதன் எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம், மாடும் சுகம். என் வலது தோளைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். நீயும், ஒஸ்லோவில் நீ ஏறிக் கொப்பு வெட்டும் மரங்களும் சுகமாயிருக்க வற்றாப்பளை அம்மனை வேண்டுகிறோம். தொலைபேசியில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்பதால் கடிதம்.

நீ எங்களுக்கு அனுப்பிய சாமான் பெட்டிக்குள் உன்னுடைய பழைய ஏறும் கயிறும் இடுப்புப் பட்டியும் தவறுதலாக வந்துவிட்டன, ஒஸ்லோவிலிருந்து லீவில் வந்து அடுத்த கிழமை திரும்பும் கோகுலனிடம் கொடுத்துவிடுங்கோ என்று நேற்றுச் சொன்னாய். கழுவிக் காயவைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஆனால் நேற்று வரை நான், அதை நீ எனக்கென்றே அனுப்பினாய் என்றல்லவா நினைத்திருந்தேன்! அம்மா முதலில் கயிற்றின் ஒரு தலைப்பை வேலியில் கட்டி உடுப்புக் கொடியாக்கி, மறு தலைப்பில் மாட்டைக் கட்டினாள். மாடு நடக்க நடக்கக் கொடியில் காய்ந்த என் சாரம் வளவெல்லாம் உலாவியது. "அவிழப்பா, மகன் தன்ரை வேலையை நானும் பழகட்டும் எண்டு அனுப்பியிருக்கிறான்" என்று பறித்தெடுத்தேன். பதினொரு வருடமாக நீ, "சுகம் அப்பா, வேலை, பிறகு எடுக்கிறன்" என்பதற்கு மேல் கதைத்ததில்லை. மரமேறத் தெரிந்தால் உன்னிடம் கேட்க எனக்கும் நாலு கேள்வி இருக்குமே என்று அறுபத்தேழு வயதில் ஆசைப்பட்டேன்.

கைத்தொலைபேசியில் ஒரு வெள்ளைக்காரன் பாடம் எடுத்தான். முதலில் பாரமான சின்னப் பையை நூலில் கட்டிக் கொப்புக்கு மேலால் எறிய வேண்டுமாம். நான் காலுறைக்குள் விதைநெல்லை நிரப்பி எறிந்தேன். ஏழாவது எறியில் காலுறை கிழிந்து நெல் முழுக்க அம்மாவின் தலையில். "நாத்துமேடையை என்ரை தலையிலயோ போடுறியள்?" என்றாள். மற்றக் காலுறையோடு எட்டாவது எறியில் நூல் கொப்பைத் தாண்ட, அதன் பின்னால் கயிறும் ஏறியது. போன கிழமை நானும் ஏறினேன், மயிர்க்கொட்டிப் புழு மாதிரி அரையடி அரையடியாக. ஏறும் கயிற்றில் போடும் அந்த முடிச்சு எவ்வளவு புத்தியான முடிச்சு! தள்ளினால் மேலே போகிறது, பாரம் விழுந்தால் இறுகிப் பிடிக்கிறது. இருபதடியில் கொப்பில் குந்தி, இறங்கும் பாடத்தைப் பார்க்கப் போனை எடுத்தால் டேட்டா முடிந்துவிட்டது.

"இறங்குங்கோப்பா!" என்று கீழே நின்று அம்மா கத்தினாள்.

"இறங்கத் தெரியாதப்பா!"

"ஏறேக்கை ஆரைக் கேட்டனீங்கள்?" என்றவள், வாளியில் தேத்தண்ணி வைத்துக் கயிற்றில் அனுப்பினாள்.

இரண்டு மணித்தியாலம் இருந்தேன். எந்த மரம் தெரியுமா? பின்வளவுப் பாலை. சின்ன வயதில் பழத்துக்காக நீ ஏற, "இறங்கடா, மரத்திலயோ உழைக்கப்போறாய்?" என்று நான் கம்போடு நின்ற அதே மரம். இன்று நீ மரத்தில்தான் உழைக்கிறாய். அன்று இறங்கியதும் அடித்ததற்கு மன்னித்துக்கொள், மகன். அங்கேயிருந்து பார்த்தால், பதினொரு வருடத்துக்கு முன் உன்னை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போன வான் திரும்பிய தெருமுடக்குத் தெரிகிறது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டதற்கு வெயிலில் கண் கூசுகிறது என்றேன். கடைசியில் அடுத்த வளவு இராசேஸ்வரி ஏணி கொண்டுவந்தாள். பட்டியைக் கழற்றிவிட்டு ஏணியில் கால்வைக்கப் பார்த்தேன்; அது எட்டாமல் நான் விழுந்த மிச்சத் தூரம்தான் தோள்நோ. நேற்று நீ "தவறுதலாக" என்றபோது, அதைவிட அந்தச் சொல்தான் நொந்தது.

எங்களை நினைத்து வேலையை விட்டுவிட்டு வரவேண்டாம். கயிறும் அம்மாவின் பருத்தித்துறை வடையும் கோகுலனிடம் வரும். நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடு. அம்மன் துணை.

இப்படிக்கு,
அப்பா.

பி.கு.: சாமானை வாங்கிப்போகக் கோகுலன் வாசல் படலையடியில் நிற்கிறான். அவனிடம் இந்தக் கடிதத்தையும் வடையையும் மட்டும்தான் கொடுக்கிறேன். கயிற்றை மடித்து வைத்ததாக எழுதியது பொய், அது பாலையிலேயே தொங்குகிறது. நீயே வந்து, ஏறி, அவிழ்த்துக்கொண்டு போ. பழம் இன்னும் மூன்று கிழமைக்கு இருக்கும். இந்தமுறை இறங்கச் சொல்லமாட்டேன்.