உள்ளங்கையில் ஒரு கிரயப் பத்திரம்

2019ஆம் ஆண்டு ஜனவரி 24, வியாழக்கிழமை, நண்பகல் சரியாகப் பன்னிரண்டு மணி. லா பாஸ் நகரின்மீது வெயிலும் ஆலங்கட்டி மழையும் ஒருசேர இறங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், காசிமிரோ தம் மினிபஸ்ஸைத் தம் மைத்துனன் எவாரிஸ்தோவுக்கு விற்றார். விற்றுவிட்டோம் என்பது மார்ச் மாதத்தில்தான் அவருக்குத் தெரியவந்தது.

"மச்சான், சாவி," என்று வாசலில் நின்று கை நீட்டினான் எவாரிஸ்தோ.

"எந்தச் சாவி?"

"என் பஸ் சாவி."

நீட்டிய உள்ளங்கையில் தீப்பெட்டி அளவில் ஒரு காகிதம் இருந்தது. அதைக் கண்டதும் காசிமிரோ வாய்விட்டுச் சிரித்தார்.

"அட லூசு மாப்ளே! அது அலசிட்டா சந்தைப் பத்திரம்டா!"

அலசிட்டா சந்தையில் எல்லாமே விரல் அளவில் விற்கும்: வீடு, கார், கோழி, பட்டப்படிப்புச் சான்றிதழ். வேண்டியதை வாங்கிப் பன்னிரண்டு மணி அடிக்கும்போது புகை காட்டி, மது தெளித்து வைத்தால், முதுகு நிறைய மூட்டையும் வாயில் சிகரெட்டுமாக நிற்கும் எக்கெக்கோ சாமி ஆண்டு முடிவதற்குள் அதை முழு அளவில் கொடுத்துவிடுவார். அன்று எவாரிஸ்தோ வாங்கியது ஒரு தகர மினிபஸ்.

அதே நாள் காலை பத்து மணிக்குக் காசிமிரோ வாங்கியதோ நிஜ மினிபஸ். பிறர் வண்டிகளை ஓட்டியே தலை நரைத்த அவருக்குச் சொந்தமென்று வாய்த்த முதல் பொருள் அது. ஓய்வு பெறும் முடிவிலிருந்த முதியவர் அன்செல்மோ விற்றார். நோட்டரி இலாரியோன் முத்திரை வைத்தார். மகிழ்ச்சி தாளாமல் அனைவரும் அதே வண்டியில் ஏறிச் சந்தைக்கு வந்தார்கள்.

"பொம்மை பஸ் இருக்கு, பத்திரம் வேணாமா?" என்று அங்கே தொடங்கியவன் எவாரிஸ்தோதான். "உன் பஸ்ஸையே எழுதிக் குடு மச்சான். எந்த மாதிரி வண்டின்னு சாமிக்கு ஒரு அடையாளம் வேணும்ல?"

காசிமிரோ எழுதிக் கொடுத்தார். விலையாக ஒரு கட்டுப் பொம்மை நோட்டும் பெற்றுக்கொண்டார். நோட்டரி, உற்சாக மிகுதியில், பையிலிருந்து முத்திரையை எடுத்து வைத்தார். அது காகிதத்தின் பாதியை விழுங்கியது.

"விளையாட்டுக்கு வெச்ச முத்திரைதானே ஐயா?" என்று இப்போது ஓடிப்போய்க் கேட்டார் காசிமிரோ.

"என் பையில பொம்மை முத்திரை கிடையாதேப்பா," என்றார் இலாரியோன், மிகுந்த வருத்தத்துடன்.

வக்கீல் நீல்டா அம்மையார் காகிதத்தை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்திரம் எவ்வளவு நீளம் இருக்கணும்னு சட்டத்துல எழுதலை. கையெழுத்து நிஜம், வண்டி நம்பர் நிஜம், முத்திரையும் நிஜம்."

"அப்ப பஸ் போச்சாம்மா?"

"போகலை. வேற வழி பாக்கணும்."

வழியைக் காட்டியவர் அன்செல்மோ. விற்ற நாளிலிருந்து அவர் தினமும் முதல் இருக்கையில் பயணியாக வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை என்பது அவர் சொன்ன காரணம். "கிளட்ச்சை மெதுவா விடுப்பா, கழுதையா ஓட்டுறே?" என்பது போன்றவை அவர் சொன்ன மற்றவை. காசிமிரோவின் துயரத்தைக் கேட்டு அவர் கண் கலங்கினார்.

"குடிச்சிருந்தேன்னு சொல்லு தம்பி. போதையில போட்ட கையெழுத்து செல்லாது. நானே வந்து சாட்சி சொல்றேன்."

நீதிபதி ஓர்த்தென்சியா அம்மையாரின் முன் எவாரிஸ்தோ கையில் தகர பஸ்ஸோடு நின்றான்.

"பொய்யிங்கம்மா! பன்னெண்டு மணிக்கு இவரு குடிச்சது ஒரே கிளாஸ். மிச்சத்தையெல்லாம் பொம்மை மேல தெளிச்சுட்டோம்."

அன்செல்மோ எழுந்தார். "பன்னெண்டு மணி என்னம்மா கணக்கு? காலையில எட்டு மணிக்கே எங்க வீட்டுல ஆரம்பிச்சுட்டாரு. தன் கட்டைவிரல் எதுன்னே தெரியாத நிலைமை."

காசிமிரோ நன்றியோடு அவரை நோக்கினார்.

"அவ்வளவு போதையில வீட்டுக்கு எப்படிப் போனார்?" என்று நீதிபதி கேட்டார்.

"பஸ்ஸுலதாம்மா. அவரே ஓட்டிக்கிட்டு."

மறுவாரம் போக்குவரத்துப் பிரிவினர் காசிமிரோவின் ஓட்டுநர் உரிமத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

"வண்டி சும்மா நின்னா துரு ஏறிடும்," என்றார் அன்செல்மோ. "வழக்கு முடியிற வரைக்கும் நான் ஓட்டுறேன். சாவியக் குடு."

இப்படியும் ஒரு மனிதரா என்று காசிமிரோ வியந்தார். முதல் இருக்கையில் இப்போது அவர் உட்கார்ந்தார்.

போதை மட்டும் போதாது என்று நீதிபதி குறிப்புக் காட்டியதால், நீல்டா அம்மையார் இரண்டாவது வாதத்தை எடுத்தார். கொடுக்கப்பட்ட விலை போலிப் பணம், போலிப் பணத்தை விலையாகக் கொண்ட ஒப்பந்தம் சட்டத்துக்குப் புறம்பானது, ஆகவே செல்லாது. வாதம் அழகாக இருந்தது.

நீதிபதி காசிமிரோவிடம் திரும்பினார். "அது போலிப் பணம்னு அப்பவே தெரியுமா?"

"சின்னப் புள்ளைக்கும் தெரியும்மா!" என்றார் காசிமிரோ பெருமையாக. "ஒவ்வொரு நோட்டும் தபால்தலை அளவுதான். கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினேன்."

நீல்டா அம்மையார் கண்களை மூடிக்கொண்டார்.

"கட்டைவிரல் தெரியலை, கட்டு மட்டும் தெரிஞ்சுது," என்று நீதிபதி எழுதிக்கொண்டே முணுமுணுத்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்திருக்கவே இல்லை.

வெளியே வந்ததும் எவாரிஸ்தோ அன்போடு தோளில் கை போட்டான். "விட்டுடு மச்சான். வாரா வாரம் எக்கெக்கோ வாயில சிகரெட் பத்த வெச்சவன் நான். சாமி குடுத்ததை நீ யாரு தடுக்க? வேணும்னா உன்னையே டிரைவரா வெச்சுக்கிறேன்."

"உரிமம் இல்லையேடா!"

"அட, ஆமா. அப்ப கண்டக்டரா இரு."

அன்றிரவு காசிமிரோ சாப்பிடவில்லை. மனைவி பிரிமித்திவா எதிரே உட்கார்ந்து அவர் பங்கையும் சாப்பிட்டாள்.

"என் தம்பிக்கு ஒண்ணு கிடைச்சா உங்களுக்குப் பொறுக்காது."

"அந்த பஸ்தான் நம்ம சோறுடி!"

அவள் சற்று யோசித்தாள். "அப்ப நானும் சாட்சி சொல்றேன். என்ன சொல்லணும்?"

என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அன்செல்மோவே கண்டுபிடித்திருந்தார். "பைத்தியம்னு சொல்லிடலாம். காலமெல்லாம் இல்லப்பா, அந்த ஒரு நாள் மட்டும். சந்தோஷம் தலைக்கேறிப் புத்தி கலங்கிப்போச்சு. புத்தி கலங்கினவன் போட்ட கையெழுத்தை எந்தக் கோர்ட்டும் ஏத்துக்காது."

ஒரு மருத்துவர் அகப்பட்டார். அளவுகடந்த மகிழ்ச்சி, வெறும் வயிற்றில் மது, மலை உயரம் ஆகிய மூன்றும் கூடினால் ஒரு நாள் சித்தப்பிரமை உண்டாகலாம் என்று அவர் சான்றளித்தார். அடுத்துப் பிரிமித்திவா கூண்டில் ஏறினாள்.

"உங்க கணவர் அன்னைக்குப் புத்தி கலங்கியிருந்தாரா?"

"அன்னைக்கு மட்டுமாம்மா? கல்யாணத்துல மோதிரத்தை எங்க அம்மா விரல்ல போடப் போனவரும்மா இவரு!"

"அன்னைக்கு மட்டும் சொன்னா போதும்மா!" என்று பதறினார் நீல்டா அம்மையார்.

"சரி, அன்னைக்கு. காலையில எட்டு மணிக்கு அன்செல்மோ ஐயா வீட்டு வாசல்ல, பஸ்ஸோட ரெண்டு விளக்குக்கும் முத்தம் குடுத்தாரு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். எனக்கும் ரெண்டு கன்னம் இருக்கும்மா!"

நீதிமன்றம் அமைதியடையச் சிறிது நேரம் பிடித்தது. சாட்சியத்தின் இப்பகுதியை நீதிபதி இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அன்செல்மோ தம் பங்குக்கு, எட்டு மணி என்பதை உறுதிப்படுத்தினார். மேலும், ஒவ்வொரு சக்கரத்துக்கும் காசிமிரோ தனித்தனியே பெயர் சூட்டினார் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

செய்தி வழித்தடம் முழுவதும் பரவியது. முதல் இருக்கையில் காசிமிரோவைக் கண்ட பயணிகள் சிலுவைக்குறி இட்டுக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தார்கள். சக ஓட்டுநர்கள் ஹாரன் அடித்து, "பின் சக்கரம் எப்படி இருக்கா அண்ணே?" என்று நலம் விசாரித்தார்கள். பஸ் திரும்பக் கிடைத்தால் போதும் என்று அவர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்.

நவம்பரில் ஒரு காலை, மேகமற்ற வானத்தின் கீழ், தீர்ப்பு வந்தது. நீதிபதி ஓர்த்தென்சியா அம்மையார் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி வாசித்தார்.

"ஜனவரி 24ஆம் நாள் காலை எட்டு மணி முதல் மாலை வரை காசிமிரோ என்பவர் ஒப்பந்தம் செய்யும் தகுதி அற்றவராக இருந்தார் என்பது ஐயமற நிறுவப்பட்டது. அந்நிலையில் அவர் செய்துகொண்ட எந்த ஒப்பந்தமும் தொடக்கம் முதலே செல்லாது."

எவாரிஸ்தோ தகர பஸ்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு விம்மினான். பிரிமித்திவா தம்பிக்கு மூக்கைத் துடைத்துவிட்டு, கணவரின் முதுகில் மகிழ்ச்சியாக ஓர் அறை விட்டாள். நீல்டா அம்மையார் நெடுநாளைக்குப் பிறகு சிரித்தார். நீதிபதி கையெழுத்திட்டார், எழுத்தர் தீர்ப்பைக் கொண்டுவந்து காசிமிரோவின் கையில் கொடுத்தார். முழு அளவுக் காகிதம். முழு அளவு முத்திரை.

காசிமிரோ நேராக அன்செல்மோவிடம் போய் அவரை இறுகத் தழுவிக்கொண்டார்.

"உங்களாலதான் ஐயா ஜெயிச்சேன். இந்த உதவியை என்னைக்கும் மறக்க மாட்டேன். சரி, சாவியக் குடுங்க."

அன்செல்மோ சாவியைக் கொடுக்கவில்லை. தீர்ப்பை மெல்ல வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, 'எட்டு மணி' என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"உன் பணம் பெட்டியில தொடாம அப்படியே இருக்கு தம்பி, வந்து வாங்கிக்க, எட்டு மணிக்கே உனக்குப் புத்தி இல்லைன்னு நீதிபதி அம்மாவே கையெழுத்துப் போட்டுட்டாங்களே, அப்புறம் பத்து மணிக்கு நீ எங்கிட்ட பஸ் வாங்கினது மட்டும் எப்படிப்பா செல்லும்?"