‘ங்க’ போட்டால்தான் நகரும்

என் மனைவிக்கு அண்ணனும், மூன்று வருடமாக என்னோடு பேசாதவருமான பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

சரக்குக் கிடங்கு மேற்பார்வையாளனாகிய உங்கள் தங்கை கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மூவரும் சுகம். அங்கே சுகமா என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை, கேட்டுவைக்கிறேன்.

உங்கள் மருமகள் பள்ளிக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிவிட்டாள். பதினான்கு வயதில்! அவள் பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பினீர்களே ஒரு ரோபோ பொம்மை, சாணளவு லாரி, பேச்சைக் கேட்டு மனிதனாக எழுந்து நிற்குமே, அதை வைத்துத்தான் வாங்கினாள். எந்தச் சொல்லுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கணினியில் எழுதி அதற்குள் ஏற்றியது முழுக்க அவளே. இந்த அறிவு என் பக்கத்திலிருந்து வந்தது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். உங்கள் தங்கை இதுவரை மறுக்கவில்லை.

அனுப்பியவர் நீங்கள் என்பதால் அதைத் தொடுவதில்லை என்று ஒரு மாதம் வீம்பாக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியவில்லை. மகள் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்க, அதன் எதிரே போய் நின்று, கிடங்குக் குரலில், “டேய், மாறுடா!” என்றேன். லாரி லாரியாகவே நின்றது. “மாறுடான்னா மாறேன்டா!” என்றேன். விளக்கு சிவப்பாக மின்னி, என் மகள் குரலிலேயே, “மரியாதையா சொல்லுங்க” என்றது. இருபத்திரண்டு வருடம் நாற்பது பேரை மேய்த்தவன் நான்! “அப்பா, அதுக்கு ‘ங்க’ போட்டாத்தான் புரியும்” என்றாள் மகள், தலையை நிமிர்த்தாமல். உங்கள் தங்கை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் தொண்டையைச் செருமிக்கொண்டு, “கொஞ்சம் மாறுங்க” என்றேன். சடசடவென்று கதவு கையாகி, சக்கரம் தோளுக்கு ஏறி, எழுந்து நின்று எனக்கு ஒரு கும்பிடும் போட்டது! மச்சான், எனக்குப் புல்லரித்துவிட்டது.

அதோடு விட்டதா? தினமும் “வாங்க, திரும்புங்க, நில்லுங்க” என்று பழகி, நாக்கு அதற்கே வளைந்துவிட்டது. கிடங்கில் பெட்டி தூக்கும் வண்டியை ஓட்டுகிறவனிடம் “கொஞ்சம் பின்னால போங்க” என்றேன், அவன் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்து, “அண்ணே, என்னை வேலைய விட்டு அனுப்பப்போறீங்களா?” என்று கண்கலங்கினான். மேலாளர் கூப்பிட்டு, உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். எதிர்வீட்டு நாயிடம் “நகருங்க” என்றதும் அது மிரண்டு ஓடிவிட்டது. வீட்டில் வாய் தவறி “தண்ணி குடுங்க” என்றேன். உங்கள் தங்கை டம்ளரோடு அப்படியே நின்றாள். அன்று முழுக்க ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்த பீரோ ஞாபகம் வந்தது. நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று மாடித் திருப்பத்தில் அது மாட்டிக்கொண்டதும், அடியில் தாங்கிக்கொண்டிருந்த உங்களைப் பார்த்து, தெருவே கேட்க, “தூக்குய்யா! என்னய்யா தூங்குறே?” என்று கத்தினேனே! என்னைவிட ஒன்பது வயது மூத்தவரை! அப்படியும் பீரோவை மேலே சேர்த்துவிட்டுத்தான் போனீர்கள். அதுதான் மனதை அறுக்கிறது. தப்பு என்னுடையது, மச்சான்.

வரும் சனிக்கிழமை நகர மண்டபத்தில் எல்லாப் பள்ளிகளுக்குமான போட்டி. பொம்மைக்குக் கட்டளை சொல்ல வீட்டுப் பெரியவர் ஒருவர் மேடையேற வேண்டுமாம். மகள் என்னைத்தான் கேட்டிருக்கிறாள். அந்தப் பொம்மையிடம் என்னைப்போல் பதமாகப் பேசத் தெரிந்தவர் வேறு யாருமில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். முன்வரிசையில் நீங்கள் இருக்க வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கமும், பிள்ளைகள் நூறாண்டு நன்றாக இருக்க என் ஆசியும்.

இப்படிக்கு,
உரக்கப் பேசியே கெட்ட உங்கள் மைத்துனன்

பி.கு.: கடிதத்தை மகளிடம் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பொம்மைக்கு ‘ங்க’வும் தெரியாது, ‘டா’வும் தெரியாதாம்; ‘மாறு’ என்று முன்பாதி காதில் விழுந்தால் போதுமாம். நான் அதட்டியபோதெல்லாம் நோட்டுக்கு அடியில் ஒரு பொத்தானை அழுத்தி அதை நிறுத்திவைத்தாளாம்; அந்த ‘மரியாதையா சொல்லுங்க’வும் அவள் முன்பே பேசிப் பதிந்துவைத்ததாம். யோசனை உங்கள் தங்கையுடையது. ஆகவே நான் பழையபடியே பேசலாம், பொம்மை கேட்கும். காலையிலிருந்து முயன்று பார்க்கிறேன், ‘டா’ வாயில் வரமாட்டேன் என்கிறது. சனிக்கிழமை வாங்க மச்சான். இதைச் சொல்ல யாரும் பொத்தானை அழுத்தவில்லை.