முந்நூற்று அறுபத்தோராவது நாள்

அட்டைக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு மரப்படியில் இறங்கும்போது வலது கணுக்கால் உள்பக்கமாக மடங்கியது. மளுக்கென்று ஒரு சத்தம். விழுந்தவர் முதலில் பார்த்தது காலை அல்ல, வாசலில் தொங்கும் பலகையை. 'விபத்தில்லா நாட்கள்: 361.'

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் முதலுதவி என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு நாள் பயிற்சி முடித்துக் கையில் பட்டை கட்டிக்கொண்டவர். ஒரு வருஷமாகக் காயம் என்று ஒருவர்கூட அவரிடம் வந்ததில்லை. முதலுதவிப் பெட்டியின் சீல் உடையாமல் இருப்பதில் மனிதருக்கு ஏகப் பெருமை.

பலகை 365-ஐத் தொட்டால் ஒப்பந்தத் தொழிலாளிகள் நாற்பது பேரையும் நிரந்தரமாக்குவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். நடுவில் ஒரு விபத்து பதிவானால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும். அந்த நாற்பதில் அவரும் ஒருவர்.

"அண்ணே, என்னமோ முறிஞ்ச சத்தம் கேட்டுச்சே," என்றான் கூட மூட்டை தூக்கும் தடியன்.

"படிதான். வாயை மூடிக்கிட்டு என்னைத் தூக்கு."

என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். காலை அசைக்காதே, ஐஸ் வை, கட்டுப் போடு, உயரத் தூக்கி வை. எலும்பை அழுத்தினால் வலித்தாலோ நாலு அடி நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடு. புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் தொண்டை வற்றச் சொன்னவர் அவர்தான். ஆனால் கட்டுத்துணி வேண்டுமென்றால் சீலை உடைக்க வேண்டும். சீலை உடைத்தால் பதிவேட்டில் எழுத வேண்டும்.

"டேப்பை எடு," என்றார்.

பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பால் தடியன் எட்டுச் சுற்று சுற்றினான். பெட்டி கட்டிப் பழகிய கை, இறுக்கத்தில் குறை வைக்கவில்லை. கால் மணி நேரத்தில் விரல்கள் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தன.

கேன்டீனில் பல்வலி என்று புளுகி ஐஸ் வாங்கினார். குனிந்து காலில் வைக்கப் போகையில் சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"என்னய்யா ஐஸு?"

"பல்லு சார்."

"அப்போ பல்லுல வை."

சூப்பர்வைசர் நகருவதாக இல்லை. ஐஸ் முழுவதும் கன்னத்திலேயே கரைந்தது. பாதி முகம் மரத்துப்போனது. கால் மட்டும் நல்ல உணர்வோடு இருந்தது.

சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பியதும் தடியன் டேப்பை அறுத்தான். "வெறும் சுளுக்குண்ணே. எங்க மாமா வழிச்சு விடறதைப் பார்த்திருக்கேன்," என்று பாதத்தைப் பிடித்து ஓர் இழு இழுத்தான்.

இரண்டாவது சத்தம் கேட்டது. கூடவே அவர் போட்ட அலறலும். இந்த முறை படியின் மேல் பழி போட வழியில்லை, சூப்பர்வைசர் ஓடி வந்துவிட்டார்.

திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். சூப்பர்வைசரோ கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

"காலையில வீட்டுல குளிக்கப் போனே. பச்சை சோப்பு தரையில கெடந்துச்சு, மிதிச்சே, வழுக்கிட்டே. இங்க ஒண்ணும் நடக்கல. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு எக்ஸ்ரே இருக்கு, அங்க போ. நாப்பது குடும்பம்யா, பார்த்துக்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தங்களுக்காக இந்த மனிதர் பொய்கூடச் சொல்கிறாரே என்று உருகிப்போனார். வீங்கிய காலைப் பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு, பச்சை சோப்பை மனப்பாடம் செய்தபடி வீடு வந்து சேர்ந்தார்.

பூட்ஸ் கழலவில்லை. மனைவி கத்திரியால் அதை வெட்டி எடுத்தாள். உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டு, வெட்டிய பூட்ஸை மூலையில் எறிந்தாள்.

"நாலு அடி நடங்க, பார்ப்போம்."

இரண்டாவது அடியிலேயே கட்டிலில் விழுந்தார்.

"ஊருக்கெல்லாம் சொல்லத் தெரியுதுல்ல? நொண்டிக்கிட்டுப் போனா யாரு உங்களை நிரந்தரமாக்குவா?"

மூட்டை தூக்க இரண்டு கால் வேண்டும். அன்று முதல் தடவையாக அவருக்குப் பயம் வந்தது.

எக்ஸ்ரே அறையில் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டார். உடுத்தியிருந்த கம்பெனிக் கால்சட்டையை மறந்துவிட்டார். படம் எடுக்கிறவர் காலை மெல்லத் திருப்பி வைத்தார்.

"எப்படி ஆச்சு?"

"காலையில வீட்டுல குளிக்கப் போனேங்க..."

படம் எடுக்கிறவர் நிமிரவே இல்லை. "அட்டைப்பெட்டி கம்பெனியா? அப்போ பச்சை சோப்புதான். இந்த வருஷத்துல நீங்க பதினோராவது ஆளு, உங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரே பாத்ரூமா?"