பன்னிரண்டு சேலையும் ஒரு ஜிப்பும்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. கொஞ்சம்தான் என்று எழுத நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டில் ஒருவர் இதை வரி விடாமல் படிக்கப் போகிறார், பொய் எடுபடாது. நிறையவே உண்டு. பக்கத்து மேசைக்காரியின் தேத்தண்ணியில் நுரை கூடுதலாக இருந்தாலே எனக்கு வயிறு எரியும். அந்த எரிச்சல் ஒருநாள் என்னைச் சிம்பாங் அம்பாட் என்ற ஊரில் பன்னிரண்டு பெண்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

படிப்பு முடிந்த கையோடு வேலை கிடைத்தது. நாடு முழுக்கக் கல்லூரிகளில் கிளை வைத்திருக்கும் ஒரு மாணவியர் சங்கம் அது. சேர்ந்தவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சகோதரிகள் என்பது கொள்கை. ஊர் ஊராகப் போய்க் கிளைகளைப் பார்த்து, புதிய சகோதரிகளுக்கு உறுதிமொழி சொல்லி வைப்பது என் வேலை. பதவியின் பெயர் பயண ஆலோசகர். (அம்மா எங்கள் ஊர் பாயான் பாரு முழுக்கச் சொல்லிவிட்டார். “ஏர் ஹோஸ்டஸ் மாதிரியா?” என்று கேட்டவர்களிடம் “அதுக்கும் மேல” என்றாராம்.) மூன்று மாதத்துக்குப் பிறகு, கிளைகள் எழுதி அனுப்பும் அறிக்கைகளைப் பார்த்துத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள்.

என்னோடு அதே நாளில் சேர்ந்தவள் ஷாலினி. எங்கள் அலுவலகம் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. முதல் நாளே பயணப் பட்டியலைக் கொடுத்தார்கள். ஷாலினி முதல் வாரம் சிம்பாங் அம்பாட் போய்ப் புதுக் கிளையின் பொறுப்பாளர்களைப் பதவியில் அமர்த்திவிட்டு, அடுத்த வாரம் கடல் தாண்டிச் சபாவுக்கு விமானம் ஏறுவாள். நான் அடுத்த வாரம் சிம்பாங் அம்பாட். அவ்வளவுதான், பக்கத்தைத் திருப்பிப் பார்த்தும் எனக்கு வேறு ஊர் இல்லை.

அம்மா எனக்காக ஆளை மடக்கி வைக்கிற அளவுக்கு ஒரு பெட்டி வாங்கியிருந்தார். அதை அண்ணன் தன் காடியின் பின்சீட்டில் ஏற்ற முடியாமல் ஏற்றினான்.

“எங்க, லண்டனா?”

“வேலைக்குப் போறேன். ஒழுங்கா தூக்கு.”

“கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம்லா சிம்பாங் அம்பாட். சாயங்காலம் நான்தானே வந்து உன்னைய ஏத்தப்போறேன்? உள்ள என்னா வச்சிருக்க?”

பயணம் என்றால் பெட்டி வேண்டும், ஷாலினியிடம் சக்கரம் வைத்த பெட்டி இருந்தது.

கிளைத் தலைவி புவனா கல்லூரி வாசலிலேயே வரவேற்றாள். பத்தொன்பது வயது, கையில் பட்டியல், கண்ணில் பதற்றம்.

“வாங்கக்கா. பசியாறிட்டீங்களா? பதினொரு மணிக்கு நிகழ்ச்சி. பேரண்ட்ஸ் எல்லாம் ஹால்ல உக்காந்துட்டாங்க. புதுப் பிள்ளைங்க பன்னெண்டு பேருக்கும் சேலை கட்டத் தெரியாதுக்கா. எங்களுக்கும் கட்டிவிடத் தெரியல.”

ஊதா நிறச் சேலை எங்கள் சங்கத்தின் சீருடை. அது இல்லாமல் உறுதிமொழி கிடையாது.

“போன வாரம் ஷாலினி அக்காதான் எங்க ஆறு பேருக்கும் கட்டிவிட்டாங்க. ஆளுக்கு மூணு நிமிஷம்தான்கா! ஊக்குகூட கேக்கல!”

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

“மூணு நிமிஷமா? அவ கொஞ்சம் ஸ்லோலா. நான் ரெண்டு நிமிஷத்துல கட்டுவேன்.”

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சேலை கட்டத் தெரியாது. அன்று நான் உடுத்தியிருந்தது, வேலையில் சேர்ந்த அன்றே எங்கள் அலுவலகத்துக்குக் கீழே இருந்த கடையில் வாங்கிப் போட்டுக்கொண்ட ரெடிமேட் சேலை. கொசுவமெல்லாம் தைத்தே வரும். காலை விட்டு ஏற்றி இடுப்பில் ஜிப்பை இழுத்தால் முடிந்தது.

பன்னிரண்டு பெண்கள் உள்பாவாடையும் ரவிக்கையுமாக வரிசையில் நின்றார்கள். புவனா கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டாள். முதல் பெண்ணின் கொசுவம் ஒருமுறை மூன்று மடிப்பு வந்தது, மறுமுறை பத்தொன்பது வந்தது. சுற்றினேன், அவிழ்த்தேன், எதிர்ப்பக்கமாகச் சுற்றினேன்.

“அக்கா, முந்தானைக்குத் துணியே மிச்சமில்லக்கா.”

“இது புது ஸ்டைல்மா. ஆடாம நில்லு.”

இருபது நிமிடம் ஆகியிருந்தது. மடிப்பைக் கீழே சரிசெய்யலாம் என்று குனிந்தேன். டர்ரென்று ஒரு சத்தம். என் சேலை ஒரு கொசுவம்கூடக் கலையாமல் மொத்தமாகக் கழன்று என் காலைச் சுற்றி உட்கார்ந்தது. உள்ளே நான் போட்டிருந்தது வாத்துப் படம் போட்ட மஞ்சள் காற்சட்டை. (காடியில் ஏசி குளிருமே என்று போட்டது. வேறு காரணம் இல்லை.)

புவனா சேலையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள்.

“அக்கா... இதுல ஜிப் இருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. வரிசையின் கடைசியில் நின்ற பெண், “எங்கம்மா லீவு போட்டு வந்திருக்காங்கக்கா” என்று அழத் தொடங்கினாள். பதினொன்றுக்குக் கால் மணி நேரம் இருந்தது. அறிக்கை என்ன ஆகும், வேலை என்ன ஆகும் என்பதெல்லாம் எனக்குப் புரிந்தது.

“ஷாலினி அக்காவ கூப்பிடவா?” என்றாள் புவனா.

வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்: பன்னிரண்டு பிள்ளைகள் உள்பாவாடையோடு நிற்பதைவிட, அவளிடம் போய்க் கேட்பதுதான் எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது. பிறகு அந்தப் பெண்ணின் மூக்கு உறிஞ்சல் தாங்காமல் நானே அழைத்தேன்.

வீடியோவில் ஷாலினி வந்தாள். சபாவின் கோத்தா கினபாலு விமான நிலையம், அவள் பின்னால் கண்ணாடிக்கு அப்பால் ஒரு விமானம். (அந்த நிலைமையிலும் அதைக் கவனித்தேன்.) அவள் எதுவும் கேட்கவில்லை. கைப்பேசியை என் பெரிய பெட்டியின்மேல் நிறுத்தி வைக்கச் சொன்னாள்.

“ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க. ஒருத்தருக்கு இன்னொருத்தர் கட்டணும். எல்லாரும் என்னையப் பாருங்க.”

தன் துப்பட்டாவை மடித்து மடித்துக் காட்டினாள். பத்து நிமிடம் தாண்டியபோது பன்னிரண்டு பேரும் ஊதாவாக நின்றார்கள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“உனக்கு மொத்தம் எத்தன ஊக்கு வேணும்?”

“ஜிப் விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?”

“மொத நாளே உன் ஜிப் வெளிய தெரிஞ்சிச்சிலா. சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னு சொல்லல.”

நல்லவள் வேறு. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

பதினெட்டு ஊக்கோடு மேடை ஏறி, மூச்சை இழுத்து விடாமல் உறுதிமொழி சொல்லி வைத்தேன். புவனா அனுப்பிய அறிக்கையில் ஒரே வரி: “பயண ஆலோசகர் வெளிப்படையானவர், எங்களிடம் எதையும் மறைக்கவில்லை.” வேலை நிரந்தரமாகிவிட்டது.

அன்று மாலை அண்ணன் வந்து என்னைக் காடியில் ஏற்றினான். நடந்ததைச் சொன்னேன். பாலம் முழுக்கச் சிரித்துவிட்டு, “பாவம் அந்தப் பிள்ள. ஒரு தேங்ஸ் சொல்லணும்லா. நம்பர் குடு” என்றான். நானும் ஷாலினியின் நம்பரைக் கொடுத்தேன். இரண்டு வருடமாக நன்றி சொல்லிக்கொண்டே இருந்தவன், மூன்றாம் வருடம் தாலி கட்டினான்.

இன்றும் நான் சேலையோடு வாசலைத் தாண்டினால் வீட்டில் யாராவது ஒருவர் “ஜிப்பப் பூட்டியாச்சா?” என்று கேட்காமல் விடுவதில்லை. ஆரம்பித்து வைத்தது கல்யாணத்தன்று அம்மா. மணப்பெண் அலங்காரம் முடிந்து உட்கார்ந்திருந்த ஷாலினியிடம், எல்லார் முன்னாலும், “இவளுக்கும் கொஞ்சம் கட்டிவிடும்மா, ஜிப்ப நம்ப முடியாது” என்றார். நகையும் மாலையுமாக அண்ணி எழுந்து வந்து எனக்குச் சேலை கட்டிவிட்டார்.

ஆளுக்கு மூன்று நிமிடம் என்று புவனா சொன்னது தவறு. அண்ணியின் தலைக்குமேல் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். இரண்டரை.