ஞானப் புத்தகமும் உன் அம்மாவின் 'ஓஹோ'வும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், உன் சுகத்துக்கு எழுதவும் என்று தொடங்குவதுதான் முறை. முறையை நான் மீறுகிறவன் இல்லை, ஆகையால் எழுதிவிட்டேன். அது எவ்வளவு தூரம் உண்மை என்பது படிக்கப் படிக்க உனக்கே தெரியும். போனில் சொல்லாமல் இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நான் போனை எடுத்து "ஹலோ" என்றாலே போதும், உன் அம்மா எந்த மூலையில் இருந்தாலும் வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறாள், ஸ்பீக்கரைப் போடு என்று சைகை வேறு. அதுவுமில்லாமல், சில விஷயங்களைச் சொல்ல ஆரம்பித்தால் என் தொண்டை சரியாக வேலை செய்வதில்லை. எழுத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

விஷயம் நீ வாங்கிக் கொடுத்த புத்தகத்தைப் பற்றியது. நான்கு மாதத்துக்கு முன்னால், நான் ரிட்டையர் ஆன அன்றைக்கு, "இனிமேலாவது டென்ஷன் இல்லாம இருங்கப்பா" என்று கையில் கொடுத்தாயே, அதுதான். நாளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு பெரியவர். மேலே அவருடைய படம், கீழே அவர் ஆயிரம் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் யோசித்து வைத்துவிட்டுப் போன விஷயம் நாலு வரியில். நல்ல புத்தகம், குறை சொல்ல மாட்டேன். தப்பு என் பேரில்தான். முப்பத்தோரு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். ஒவ்வொரு லிப்டின் மோட்டார் அறையிலும் சுவரில் ஒரு அட்டை தொங்கும். கயிறு பார்த்தாயா, பிரேக் பார்த்தாயா, கதவு பார்த்தாயா என்று வரிசையாகப் போட்டிருக்கும். பார்த்து, டிக் அடித்து, தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். செய்யாத வேலைக்குக் கையெழுத்து வைத்த பாவம் எனக்குக் கிடையாது. அந்தப் பழக்கத்தில் உன் புத்தகத்திலும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பென்சிலால் கையெழுத்து வைக்க ஆரம்பித்தேன். மற்றவர்கள் இந்த மாதிரிப் புத்தகத்தைப் படித்து, "அடடா" என்று ஒரு தரம் சொல்லி, மூடி வைத்துவிடுவார்களாம். அதை எனக்கு யார் சொன்னார்கள்? அன்றைய பக்கத்தை அன்றைக்கே செய்து முடிக்க வேண்டும் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் அடி சலூனில் விழுந்தது. எதையும் கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று சால்வை போர்த்திய ஒரு பெரியவர் அன்றைக்குச் சொல்லியிருந்தார். சலூன்காரர் வழக்கம்போலத் துணியைக் கழுத்தில் சுற்றிவிட்டு, "நல்லா வெட்டிரலாமா சார்?" என்றார். "நல்லான்னா என்ன?" என்று கேட்டேன். "எப்பவும் போலத்தான் சார்." "எப்பவும் போல வெட்டினா அது நல்லதுன்னு எப்படிச் சொல்றீங்க?" மனுஷன் கத்தரியை நிறுத்திவிட்டார். "சார், காலையிலேர்ந்து நான் ஒரு டீ கூடக் குடிக்கல" என்றார் பாவமாக. நான் விடவில்லை. வெட்டின முடி யாருக்குச் சொந்தம் என்று கேட்டேன். காத்திருந்த இரண்டு பேர் உள்ளே புகுந்தார்கள், ஒருவர் கடைக்காரருக்குத்தான் என்றார், இன்னொருவர் அதெப்படி என்று எழுந்தே நின்றுவிட்டார். இந்த ரகளையில் சலூன்காரர் யோசித்துக்கொண்டே என் இடது பக்கத்தைக் காதுக்கு மேலே நாலு விரல் ஏற்றிவிட்டார், அதற்குள் எல்லோரும் களைத்துப்போய் வலது பக்கத்தை யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "பாதியிலே கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டாள். நான் நேரே போய்க் கையெழுத்து வைத்தேன்.

அடுத்த வாரம், பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல வேண்டும், பூசி மெழுகக் கூடாது என்று ஒரு தாடிக்காரர். அன்றைக்கென்று பார்த்து உன் அம்மா புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து, "எப்படிங்க இருக்கு?" என்று நின்றாள். "உங்க அக்கா மாதிரியே இருக்கு" என்றேன். அவர்கள் இருவருக்கும் எப்படி என்று உனக்குத் தெரியுமே, நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கண்ணாடி இப்போது மேஜை இழுப்பறைக்குள் கிடக்கிறது, அவள் பேப்பரைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்துக்கொண்டு படிக்கிறாள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. அதற்கப்புறம் வந்ததுதான் சிரிக்க முடியாதது. தேவைக்கு மேல் ஒரு பாத்திரம்கூட வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு துறவி. அவர் மரத்தடியில் வாழ்ந்தவர், பெண்டாட்டி இருந்ததாகப் படத்தில் தெரியவில்லை. அதை நான் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. உன் அம்மா குளிக்கப் போன நேரத்தில் சமையலறையில் புகுந்து, இரண்டு பேருக்கு இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், ஒரு சட்டி, ஒரு கரண்டி என்று எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை இரண்டு கோணியில் கட்டித் தரைத்தளத்துத் தையற்காரம்மாவிடம் கொண்டுபோய் இறக்கினேன். அந்தம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு, "என்னண்ணே, வீடு மாத்துறீங்களா?" என்றாள். "இல்லம்மா, பற்றை விடறேன்" என்றேன். "அது சரி, குக்கரையுமா விடறீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு மேலே வந்து பால்கனியில் உட்கார்ந்து, மனதுக்குள் பெரிய திருப்தியோடு, கையெழுத்து வைத்தேன்.

உன் அம்மா குளித்துவிட்டு வந்து சமையலறையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை கத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள், முதல் நடையில் கரண்டி, தட்டெல்லாம் வந்து சேர்ந்தது. இரண்டாவது நடைக்குப் போனவளைக் காணோம். கொஞ்ச நேரத்தில் தையற்காரம்மா, "அண்ணே, ஓடி வாங்க, அக்கா உக்காந்துட்டாங்க" என்று கீழேயிருந்து கூப்பிட்டாள். ஓடினேன். இரண்டாம் மாடிப் படியில், குக்கரை மடியில் வைத்துக்கொண்டு, நெற்றியெல்லாம் வேர்த்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் உன் அம்மா. "ஒண்ணுமில்ல, மூச்சு வாங்குது, அவ்வளவுதான்" என்றாள். ஊரில் இருக்கிற ஜனத்தையெல்லாம் முப்பத்தோரு வருஷம் ஏற்றி இறக்கினவன், கட்டினவளை லிப்ட் இல்லாத வீட்டில் மூன்றாம் மாடியில் குடிவைத்திருக்கிறேனே என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் டாக்டரிடம் போனோம். "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார். "ஒரு ஆறேழு மாசமா" என்றாள் சாவகாசமாக. ஆறேழு மாசமாம்! ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவன், எனக்குத் தெரியாது குட்டி. வருகிற வியாழக்கிழமை காலை ஆஞ்சியோ பண்ணிப் பார்க்க வேண்டும், அடைப்பு இருந்தால் அங்கேயே மேற்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்யலாம் என்றார். "பயப்பட ஒண்ணுமில்லை" என்றும் சொன்னார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். லிப்ட் நடுவில் நின்றுபோய், உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டால், வெளியே நின்று அதே குரலில் அதையேதான் நானும் சொல்வேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நாலு ஸ்டாப்பிங் போயிற்று. அப்புறம் ரொம்ப மெதுவாக, "ஏங்க, எனக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?" என்று கேட்டாள். அன்றைக்குக் காலையில் நான் படித்த பக்கம், நம் கையில் இல்லாத விஷயத்துக்குக் கலங்கக் கூடாது என்பது. என் வாய் இருக்கிறதே வாய், அதை என்ன செய்தால் தகும்? "நம்ம கையிலே இல்லாததுக்கெல்லாம் கவலைப்படக் கூடாது" என்றேன். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை போலச் சொன்னேன்.

"ஓஹோ" என்றாள் உன் அம்மா.

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவளுடைய ஓஹோவில் பல ரகம் கேட்டிருக்கிறேன். நம்பாத ஓஹோ உண்டு, பிறகு பார்த்துக்கொள்கிறேன் ஓஹோ உண்டு. இது புது ரகம். இதில் கோபமே இல்லை. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "பொண்ணுகிட்டே மூச்சு விடக் கூடாது" என்றாள். அவள் என்னிடம் முழுசாகப் பேசின கடைசி வாக்கியம் அது. இன்றோடு பதினொரு நாள். இப்போதெல்லாம் "சாப்பாடு ஆயிடுச்சு" என்று மின்விசிறியிடம் சொல்கிறாள், "தண்ணி வரலே" என்று குழாயிடம் சொல்கிறாள், நான் பக்கத்திலிருந்து கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சரிபண்ணப் பார்க்காமல் இல்லை. பார்த்தது மறுபடி புத்தகத்தில்தான், புத்தி எங்கே போகும்? எதையும் வலிந்து செய்யாதே, தானாக நடக்கும் என்று ஒருவர். சரி என்று அடுப்புக்குப் பக்கத்தில் ஒன்றும் செய்யாமல் நின்றேன், பால் பொங்கி வழிந்து தானாக நடந்தது. செய்த தவறுகளை எழுதிப் பார் என்று இன்னொருவர். எழுதினேன்: ஒன்று, பாத்திரம். இரண்டு, கண்ணாடி. மூன்று, பஸ்ஸில் சொன்னது. பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். காலையில் பார்த்தால் கீழே உன் அம்மா கையெழுத்தில் இன்னும் இரண்டு வரி. நான்கு, ஈரத்துண்டைக் கட்டில் மேலே போடுவது. ஐந்து, கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று.

ஐந்தாவதைப் படித்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். அவள் என்ன கேட்டாள், எனக்குப் பயமாக இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறதா என்றுதானே கேட்டாள்? இருக்கிறது குட்டி. உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்? எனக்கு உதறலாக இருக்கிறது. அவள் கடைக்கு இறங்கினால் படியில் செருப்புச் சத்தத்தை எண்ணுகிறேன், மொத்தம் ஐம்பத்து நாலு. சமையலறையில் சத்தம் நின்றால் எட்டிப் பார்க்கிறேன். "என்ன வேணுமாம்?" என்று பிரிட்ஜைப் பார்த்துக் கேட்கிறாள். "தண்ணி" என்கிறேன். ஒரு நாளைக்குப் பதினாலு டம்ளர் தண்ணீர் குடிக்கிறேன், டாக்டரிடம் அடுத்துப் போக வேண்டியவன் நான்தான். பயப்படாமல் இருப்பது எப்படி என்று உன் புத்தகத்தில் இருபத்தாறு பக்கம் இருக்கிறது. பயமாக இருக்கிறது என்று பெண்டாட்டியிடம் சொல்வது எப்படி என்று அத்தனை தாடியில் ஒருத்தர்கூட எழுதி வைக்கவில்லை.

ஆகையால் உன்னைக் கேட்டுக்கொள்வது இதுதான். இது புதன்கிழமை உன் கையில் கிடைக்கும் என்று கூரியர்க்காரர் சொல்கிறார். அன்றைக்கே அம்மாவைக் கூப்பிடு. அப்பா ரொம்பப் பயந்துபோயிருக்கார்மா, நீ இல்லாம அவராலே முடியாதும்மா என்று நீயாகச் சொல்வது போலச் சொல்லிவிடு. நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே. அவள் அது தெரியாமல் வியாழக்கிழமை அந்த ஆஞ்சியோ அறைக்குள் போய்விடக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். புத்தகத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. உனக்கு எல்லாம் கூடி வர வேண்டும், நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேர் சார்பிலும் நானே சொல்லிவிடுகிறேன், இன்னொருவர் இப்போது மின்விசிறியிடம்தான் பேசுகிறார்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். கவரில் போட்டுவிட்டேன், உன் வீட்டு எண் எனக்கு என்றைக்கு ஞாபகம் இருந்தது? அம்மாவிடம் போய்க் கேட்டேன். சொன்னாள், என்னைப் பார்த்தே சொன்னாள். பிறகு, "அவளுக்கு என்னத்தை எழுதினீங்க?" என்றாள். சும்மாத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "பயமா இருக்குன்னு எழுதினேன்" என்று வந்துவிட்டது. "யாருக்கு?" என்றாள். "எனக்குத்தான், வேற யாருக்கு? நீ இல்லாம எனக்கு என்ன தெரியும்?" என்றேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "புத்தகத்தைப் படிச்சு நிம்மதியா இருக்கீங்களே, அதைக் கெடுப்பானேன்னு நான் வாயை மூடிட்டு இருந்தேன். பேசினா அழுதிருவேன்" என்றாள். அப்புறம் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "சரி, உக்காருங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே பயப்படலாம்" என்றாள்.

உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று எனக்குச் சொன்னாளே, அன்றைக்குச் சாயந்திரமே அவள் உன்னிடம் எல்லாம் சொல்லிவிட்டாளாம். நீ புதன்கிழமை விடிகாலையில் இங்கே வந்து இறங்குகிறாயாம். அப்படியானால் இந்தக் கடிதம் பூட்டின வீட்டு வாசலில் கிடக்கப்போகிறது, நீ திரும்பிப் போய்த்தான் பிரிப்பாய். அப்போது வியாழக்கிழமை முடிந்திருக்கும். என்ன ஆயிற்று என்று படிக்கிற உனக்குத் தெரியும், எழுதுகிற எனக்குத் தெரியாது. இருந்தாலும் அனுப்புகிறேன், இன்றைக்கு நாங்கள் எப்படி இருந்தோம் என்று உன்னிடம் எழுத்தில் இருக்கட்டும். அம்மா கூப்பிடுகிறாள், மின்விசிறியை இல்லை, என்னைத்தான் கூப்பிடுகிறாள், போகிறேன்.