சரோஜா பச்சையான வெள்ளிக்கிழமை

இருபத்து மூன்று பேரைக் கதவைத் திறந்து வைத்தே முடித்தவள் நான். கத்தி எடுக்கவில்லை, யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. விளக்கு வைத்தேன், கதவைத் திறந்தேன், அவ்வளவுதான். இதை வெளியே சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் லாபிஸிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். அதற்கு நானே சொல்லிவிடுகிறேன்.

முட்டி ஆபரேஷன் முடிந்து பெர்மாஸ் ஜெயாவில் மகள் மாலா வீட்டில் இருந்தேன். உட்கார் என்றால் நான் உட்காருகிற ஆளில்லை. ஒரு நாள் பெருக்கினேன், மறுநாள் குனிந்து துளசிச் சட்டியை நகர்த்தினேன். மாலா பார்த்தாள், தான் விளையாடும், கட்டை கட்டையாக அடுக்கி ஊர் கட்டுகிற விளையாட்டை டேப்லெட்டில் போட்டு என் மடியில் வைத்தாள். (மாலாவுக்கு நாற்பத்திரண்டு வயது. பேக்டரியில் சூப்பர்வைசர். வேலை விட்டு வந்தால் இதைத்தான் நோண்டுவாள். நான் ஒன்றும் கேட்பதில்லை.)

அதில் எல்லாமே சதுரம். மரம் சதுரம், மாடு சதுரம், சூரியன்கூடச் சதுரம். நடுவில் ஒரு சின்னக் கம்பம், குட்டிக் கிராமம் மாதிரி. அங்கே பெரிய மூக்கோடு, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, "ம்ம்" என்று முனகிக்கொண்டு நாலு பேர் நடந்தார்கள். அவர்களைப் பெருக்க வேண்டும், அதுதான் என் வேலை. ஆளுக்கு ரொட்டி கொடுத்து, கூட ஒரு கட்டில் போட்டு வைத்தால், இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்ப்பார்களாம், தலைக்கு மேல் சிவப்பாக இதயம் பறக்குமாம், பக்கத்தில் ஒரு குழந்தை நிற்குமாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பாலோ எஸ்டேட் ஆயாக் கொட்டகையில் நாற்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவளுக்கு இது ஒரு வேலையா?

கோதுமை போட்டேன், அறுத்தேன், ரொட்டி சுட்டேன். இரண்டு மாதத்தில் இருபத்து மூன்று பேர், பன்னிரண்டு வீடு. மாலாவின் கம்பத்தில் அப்போதும் ஒன்பதே பேர். அதை நான் சொல்லிக்காட்டவில்லை என்றால் பொய்.

எல்லாம் ஒரே முகமாக இருந்ததால் அடையாளம் தெரியவில்லை. பேர் போட்டுக் கொடு என்றேன். நான் சொல்லச் சொல்ல மாலா தமிழிலேயே தட்டினாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான், ஆனால் பேர் படிக்கத் தெரியும். அண்ணன், அண்ணி, அவர்கள் மகன் குமார், சம்பந்தி வீட்டார் என்று குடும்பம் முழுவதும் தலைக்கு மேல் பேரோடு நடந்தது. பேர் போட்ட பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். நான் பக்கத்தில் போனால் வேலையை விட்டுவிட்டு என்னையே திரும்பிப் பார்ப்பார்கள். விலகிப் போனாலும் அந்தக் கழுத்து என் பின்னாலேயே திரும்பும். முன்னாலும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள். ஆனால் சொந்த அண்ணன் பேர் போட்ட முகம் பேசாமல் பார்ப்பது வேறு.

சரோஜாவுக்கும் ஒரு ஆள் வைத்தேன். அவள் என் தங்கை, லாபிஸில் தனியாக இருக்கிறாள். இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. குமார் கல்யாணத்தில் மூத்தவள் நான் நின்றுகொண்டிருக்க, அவள் முந்திக்கொண்டு ஆலாத்தித் தட்டைத் தூக்கினாள். (அவளைக் கேட்டால் நான் அப்போது சாப்பாட்டுப் பந்தியில் இருந்தேன் என்பாள். நம்பாதீர்கள்.) அதனால் சரோஜாவுக்குக் கம்பத்துக் கடைசியில், காட்டோரம், பன்றிக் கொட்டாய்ப் பக்கத்தில் வீடு. சன்னல் கிடையாது. ரொட்டியும் கடைசியில்தான். இவ்வளவு அற்பமாக ஒரு பழி வாங்க முடியும் என்று அந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

மாலா ஒன்று மட்டும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"சூரியன் இறங்கினா கதவெல்லாம் சாத்திட்டு நீங்களும் படுத்துருங்கம்மா. வேற ஒண்ணும் செய்யாதீங்க."

எதற்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பகலில் அங்கே இருட்டினால் சொன்னபடியே செய்தேன்; நிஜமாகச் சாயங்காலம் ஆனால் டேப்லெட் அவள் கைக்குப் போய்விடும்.

அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓவர்டைம். நான் குளித்து, சாமிக்கு விளக்கு வைத்து, முன்கதவைத் திறந்து வைத்தேன். மகாலட்சுமி வருகிற நேரம். எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்தே எனக்கு அது பழக்கம். அப்புறம் டேப்லெட்டை எடுத்தால் அங்கேயும் சூரியன் இறங்குகிறது. என் ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் என் குடும்பமே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறது! பேர் போட்டவள் நான், பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? ஒவ்வொரு வாசலிலும் ஒரு தீப்பந்தம் நட்டேன். பன்னிரண்டு கதவையும் திறந்து வைத்தேன். பிறகு மாலா கட்டியிருந்த கோபுரத்தில் ஏறி நின்று பார்த்தேன். பன்னிரண்டு வெளிச்சம், பன்னிரண்டு திறந்த வாசல். கார்த்திகை மாதிரி இருந்தது.

காட்டுப் பக்கமிருந்து ஒரு முனகல் வந்தது. என் ஆட்களின் முனகல் இல்லை, தொண்டையில் மண் விழுந்த மாதிரி. இருட்டிலிருந்து ஒருத்தன் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தான். மகாலட்சுமி இல்லை என்பது தெரிந்தது. கை நீட்டுகிறானே, விருந்தாளி என்று நினைத்தேன். (அலமாக், அது நடைப்பிணமாம்; விருந்தாளி என்ற ஒரு வார்த்தைக்காக மாலா இன்னும் சிரிக்கிறாள்.)

முதல் வாசல் சரோஜாவுடையது. உள்ளே போனான். ஏதோ இடிபடும் சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. கொஞ்சம் பொறுத்து சரோஜா வெளியே வந்தாள். முகம் பச்சை, கண் சிவப்பு. எப்போதும் கட்டியிருந்த கைகள் இப்போது முன்னால் நீண்டிருந்தன. தலைக்கு மேல் மட்டும் அதே பேர்.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் பச்சையாக வந்தார். இரண்டு பேரும் சம்பந்தி வீட்டுக்குப் போனார்கள். எங்கள் குடும்பம் இப்படி ஒருவர் வீடு விடாமல் போய் அழைத்து நான் பார்த்ததே இல்லை. எந்தப் பொத்தானை அழுத்தினால் கதவு மூடும் என்பது எனக்கு மறந்துபோனது. கடைசியில் இருபத்து மூன்று பேரும் கோபுரத்தடியில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தார்கள். ஒவ்வொரு பேராகப் படித்தேன். ஒன்று பாக்கியில்லை.

அங்கே ராத்திரி பத்து நிமிஷம்தான், விடிந்தது. வெயில் பட்டதும் வெளியே நின்றவர்கள் தீப்பிடித்து ஒவ்வொருவராக மறைந்தார்கள். ஒருத்தி மட்டும் தப்பித்துச் சன்னலில்லாத தன் வீட்டுக்குள் போய், வாசல் நிழலில் நின்று என்னைப் பார்த்தாள். யாரென்று படிக்கவே வேண்டியிருக்கவில்லை.

டேப்லெட்டைக் கீழே வைத்தேன். விளையாட்டுதான், தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை, விளக்கு எரிகிறது, என் கையால் காட்டோரம் ஒதுக்கி வைத்தவள் முதலில் போனாள். இரண்டு வருஷத்து ரோஷத்தை விழுங்கிவிட்டு சரோஜாவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் எடுக்கவில்லை.

லாபிஸில் அவளுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் குமாரைப் போனில் கூப்பிட்டேன்.

"குமாரு, உங்க சின்ன அத்தை போயிட்டாப்பா."

"என்ன அத்தை சொல்றீங்க, யாரு சொன்னா?"

"நான் கண்ணால பார்த்தேன்."

எங்கே பார்த்தேன் என்று சொல்வதற்குள் அவன் வைத்துவிட்டான்.

அங்கே நடந்தது பிறகு கேள்விப்பட்டது. குமார் போனபோது சரோஜா வீட்டில் விளக்கு எரிகிறது, மரக்கதவு திறந்திருக்கிறது (அவளும் எங்கள் அம்மா பிள்ளைதானே), வெளி இரும்புக் கிரில் மட்டும் பூட்டியிருக்கிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. உள்ளே போன் மட்டும் அடிக்கிறது. மறுபடி அடித்தது நான்தான். அவன் பயந்து நாலு பேரைச் சேர்த்துப் பூட்டை அறுத்தான். உள்ளே ஆளைக் காணோம். அதற்குள் தெருவே கூடிவிட்டது. அவசரக்காரர் யாரோ சொல்லி, சாவு வீட்டுக்குப் போடுகிற கூடாரமும் நாற்காலியும் லாரியில் வந்து இறங்கின.

கோயிலிலிருந்து அர்ச்சனைத் தட்டோடு திரும்பிய சரோஜா தன் வாசலில் கூடாரத்தைப் பார்த்தாள். தட்டைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "யாரு, யாரு போனது?" என்று அழுதபடி கூட்டத்துக்குள் வந்தாள். அவள் ஒரு அடி வைக்க, அத்தனை பேரும் ஒரு அடி பின்னால் போனார்களாம்.

சற்று நேரத்தில் என் போன் அடித்தது.

"அக்கா, நான் செத்துட்டேன்னு ஊருக்குச் சொன்னியாமே."

"செத்துட்டேன்னு சொல்லல. பச்சையா ஆயிட்ட."

"எங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். நீளமாகத்தான் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அதுல எனக்கு எந்த வீடு குடுத்த?"

இதை மட்டும் கேட்காமல் இருந்திருக்கலாம். "கடைசி வீடு. பன்னிக் கொட்டாய் பக்கத்துல."

"சன்னல் இருக்கா?"

"இல்ல."

"ஆலாத்தித் தட்டுக்கா?"

நான் ம்ம் என்றேன். அந்தப் பக்கம் விக்கல் மாதிரி ஒரு சத்தம். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறாள், நாற்காலி இறக்கியவர் பயந்துபோகிற அளவுக்கு. கல்யாணத்தன்று விட்ட பேச்சு அப்படித்தான் திரும்பி வந்தது. அவள் வீட்டுக் கிரிலுக்குப் புதுப் பூட்டு நான்தான் அனுப்பினேன்.

அடுத்த தீபாவளிக்குக் குடும்பம் முழுவதும் இங்கே மாலா வீட்டில் கூடியது. காலையில் வாசலில் ஏதோ முனகல். எட்டிப் பார்த்தேன். சரோஜா உடம்பு முழுக்கப் பச்சைப் பட்டு கட்டி, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, அசையாமல் நிற்கிறாள். பின்னால் அண்ணன், அண்ணி, குமார் எல்லோரும் அதே மாதிரி கை நீட்டி வரிசையாக. வருஷா வருஷம் இப்போது இதுதான் சடங்கு. மாலா படம் வேறு எடுக்கிறாள்.

நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் சரோஜா வாயைத் திறந்து "அக்கா" என்று கூப்பிடும் வரைக்கும் எங்கள் வாசல் கிரில் சாவியை இடுப்பிலிருந்து எடுப்பதில்லை.